கரண்டு இல்லாத குடோன்

எங்கள் பக்கம் தீயணைப்பு வேலைக்கு ஆசைப்பட்டு யாரும் வருவதில்லை. போலீஸ் வேலைக்கு ஆசைப்பட்டு, அது கிடைக்காதவர்கள்தான் வருவார்கள். போலீஸ், ஜெயில், தீயணைப்பு மூன்றுக்கும் ஒரே பரீட்சை. எது முதலில் வேண்டும் என்று விண்ணப்பத்தில் வரிசை போட வேண்டும். நான் தீயணைப்புக்கு ஒன்று போடச் சொன்னேன்.

ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில்தான் விண்ணப்பம் போட்டேன். அங்கே இருந்த பெண் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, மாத்திச் சொல்றீக. ஒண்ணாவது போலீஸ்."

"தீயணைப்பு."

"அது மூணாவதுண்ணே. எல்லாரும் அப்படித்தான் போடுவாக."

"ஒண்ணு போடும்மா."

"போடுதேன். பொறவு வந்து எங்கிட்ட சண்டைக்கு நிக்கக் கூடாது."

காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. போலீஸ் என்றால் பேச வேண்டும். திட்ட வேண்டும், மிரட்ட வேண்டும், கோர்ட்டில் போய்ச் சொல்ல வேண்டும். எனக்கு அது வராது. பத்தாவது முடித்ததும் ஒரு நூல் மில்லில் புளோ ரூமில் சேர்ந்தேன். பஞ்சுப் பேலைப் பிரித்து மெஷினில் போடும் இடம். அங்கே சத்தத்தில் பேசினாலும் கேட்காது. அதனால் யாரும் பேச மாட்டோம். ஆறு வருஷம் நிம்மதியாக இருந்தேன்.

நெருப்பும் அப்படித்தான் என்று நினைத்தேன். அதோடு பேச வேண்டியதில்லை, தண்ணீர் அடித்தால் போதும். எம்புட்டு முட்டாள்தனம் என்று பின்னால் தெரிந்தது.

அதற்கு முன்னால் ஆம்புலன்ஸ் டிரைவர் வேலைக்கும் போய்க் கேட்டேன். நேர்காணலில் ஒருவர் கேட்டார். "பேஷண்டோட சொந்தக்காரங்க அழுது கூப்பாடு போட்டு உங்க சட்டையப் புடிக்கிறாங்க. என்ன செய்வீங்க?"

"வண்டி ஓட்டுவேன்."

"அவங்களுக்கு ஆறுதலா என்ன சொல்லுவீங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஓட்டுவேன்."

எடுக்கவில்லை. ஆறுதல் சொல்கிறவரை எடுத்தார்கள். அவர் வண்டியைக் கிருஷ்ணன்கோவில் பக்கம் காலேஜ் பஸ்ஸில் கொண்டுபோய் இடித்ததாகக் கேள்விப்பட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பார்.

தீயணைப்பில் கிடைத்தது. எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஓடுகிற ரோட்டில் எங்கள் வண்டி போகாத நாள் கிடையாது, அது போதும். வேலை உறுதியாக இரண்டு வருஷம் ஆகும். அதற்குப் பெயர் புரபேஷன். அதற்குள் புகார், மெமோ எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் வீட்டுக்குக்கூட அனுப்பலாம். எனக்கு வீடு என்றால் மறுபடி புளோ ரூம். என் மாமனார், கவர்மெண்ட் மாப்பிள்ளை என்று தளவாய்புரம் முழுக்கச் சொல்லி வைத்துத்தான் பெண் கொடுத்திருந்தார்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. எங்களை நெருப்புக்குக் கூப்பிடுவது குறைவு. பாம்புக்குத்தான் கூப்பிடுவார்கள். அல்லது கிணற்றில் விழுந்த மாட்டுக்கு. மகாராஜபுரம் பக்கம் ஒரு பசுவைக் கயிறு கட்டித் தூக்கினோம், மூன்று மணி நேரம் ஆனது. மேலே வந்ததும் மாட்டுக்காரர் மாட்டைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். "கொம்புல செத்த கீறிட்டீகளே."

வேறொரு தெருவில் குடிசைத் தீயை அணைத்து ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். ஒரு அம்மா குடத்தோடு வந்தார். "வந்தது வந்துட்டீக. மிச்சத் தண்ணியில ரெண்டு கொடம் புடிச்சுக்கிடட்டா?" பின்னால் பதினைந்து குடம் நின்றது. குடிசையின் சொந்தக்காரரும் வரிசையில் நின்றார்.

இப்படியே ஒரு வருஷமும் எட்டு மாசமும் போனது. நான்கு மாசம் பாக்கி.

அப்போதுதான் அந்தப் பஞ்சு குடோன் தீப்பிடித்தது. பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு முதலாளியின் குடோன். பகல் பதினோரு மணி. நாங்கள் போனபோது கேட் பூட்டியிருந்தது. சாவி முதலாளியிடம். முதலாளி ஒரு வளைகாப்பில். பூட்டை உடைக்கக் கம்பியை எடுத்தபோது போன் வந்தது. "கேட்ட உடைச்சிராதீக, புதுசு, செத்த நேரத்துல வாரேன்." எங்கள் ஸ்டேஷன் ஆபீசர் போனைப் பார்த்தார், புகையைப் பார்த்தார். நல்லவேளை, உடைக்கச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. யார் மனதும் நோகக் கூடாது என்று நினைக்கிறவர். தீயணைப்பில் அது கஷ்டம்.

இரண்டு மணி நேரத்தில் தீ அடங்கியது. சுமை தூக்கும் ஆள் ஒருவர் புகையில் மயங்கி விழுந்திருந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வருகிற நர்ஸ் பெண்ணை எனக்குத் தெரியும். ரோட்டில் எங்கே வண்டி கவிழ்ந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வோம். அவள் அவருக்கு மாஸ்க் வைத்துக்கொண்டே கேட்டாள். "உள்ள வேற யாரும் இருக்காகளாண்ணே?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லுங்கண்ணே. நீங்க பேசுறதக் கேக்கணும்னா ஸ்டெதஸ்கோப்புதான் வைக்கணும் போல."

குடோனின் பாதி சாம்பல். வாசல் பக்கம் முப்பதுக்கு மேல் பேல்கள் தப்பியிருந்தன. மேல் துணி மட்டும் கருகியிருந்தது. முதலாளி வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் வளைகாப்புச் சந்தனம். தப்பிய பேல்களைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது. "இதுகள ஒடனே அந்தக் குடோனுக்கு மாத்திருவோம்" என்றார். அந்தக் குடோன் என்பது ஒரு கிலோமீட்டர் தள்ளி, தோட்டத்துக்குள் இருக்கிற பழைய தகரக் கொட்டகை. முன்னே கடலை போட்டு வைத்தது.

எனக்குப் பேலைத் தெரியும். ஆறு வருஷம் அதைத்தான் பிரித்தேன். பஞ்சை இறுக்கி அழுத்தி இரும்புப் பட்டை போட்டிருக்கும். உள்ளே காற்று கிடையாது. ஒரு பொறி உள்ளே போய்விட்டால் எரியாது, அணையவும் அணையாது. மாம்பழத்துக்குள் வண்டு இருக்கிற மாதிரி, வெளியே ஓட்டை தெரியாமல் தின்றுகொண்டே போகும். மூன்று நாள், நான்கு நாள்கூட. என்றைக்காவது காற்றுக் கிடைத்ததும் எழுந்திரிக்கும். அதற்கு ஒரே வழி, ஒவ்வொன்றாகப் பட்டையை வெட்டி, வெட்டவெளியில் பிரித்துப் போட்டு, முழுக்க நனைக்க வேண்டும்.

ஒரு நீளக் கம்பியை எடுத்தேன். பேலுக்குள் குத்தி, கொஞ்சநேரம் விட்டு, உருவிக் கையால் தொட்டுப் பார்த்தேன். முதல் பேல் ஒன்றுமில்லை. இரண்டாவதும் ஒன்றுமில்லை. மூன்றாவதில் கம்பி சுட்டது.

ஆபீசரிடம் போனேன். "உள்ள கங்கு இருக்குங்கய்யா. எல்லாத்தையும் பிரிக்கணும்."

முதலாளி சிரித்தார். "தம்பி, கம்பி வெயில்ல கெடந்துச்சு. சுடாம ஐஸாவா இருக்கும்?"

"மொத ரெண்டுல சுடலீங்க."

"எல்லாத்தையும் பிரிச்சு நனைச்சா அது பஞ்சா? கூழு. அணைக்க வந்தீகளா, அழிக்க வந்தீகளா?"

ஆபீசர் நடுவில் வந்தார். "ஒண்ணே ஒண்ண வெட்டிப் பாப்போம். ரெண்டு பேருக்கும் திருப்தி."

"வெட்டட்டும்" என்றார் முதலாளி. "இந்தா, இத வெட்டு." அவரே ஒரு பேலைக் கை காட்டினார். கம்பி சுட்ட பேல் அது இல்லை. சொன்னேன். "எதுவா இருந்தா என்ன, எல்லாம் ஒரே தீயில நின்னதுதான" என்றார். ஆபீசர் என்னைப் பார்த்துக் கண்ணால் சொன்னார், வெட்டு என்று.

வெட்டினேன். பட்டை தெறித்தது. பஞ்சு பொங்கி வந்தது. மல்லிப்பூ மாதிரி வெள்ளை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சிரித்தது. முதலாளி ஒரு கை அள்ளி எல்லாருக்கும் காட்டினார்.

"கங்கு எங்கலே?"

"மத்ததையும் பாக்கணும்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. ஆபீசர் என் தோளைத் தட்டினார். "போதும்ப்பா. நாலு மாசந்தான இருக்கு உனக்கு." அதில் மிரட்டல் இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார். நான் கம்பியைக் கீழே போட்டேன்.

பிறகு நடந்ததை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதலாளி பூசணிக்காய் வாங்கிவரச் சொன்னார். கண் பட்டதால்தான் தீ வந்ததாம். அந்தப் பேல்களுக்கு முன்னாலேயே, இன்னும் புகைகிற இடத்தில், பூசணிக்காயின் மேல் சூடம் ஏற்றினார். காற்று அடித்தது. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சுருட்டிய ஹோஸை அவசரமாகப் பிரித்துக்கொண்டு அந்தச் சூடத்துக்குக் காவல் நின்றார்கள். ஆபீசர் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தீயணைப்புத் துறையில் நெருப்பைக் கும்பிட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டிராக்டர் வந்து பேல்களை ஏற்றிக்கொண்டு போனது.

வீட்டில் என் முகத்தைப் பார்த்து மனைவி கேட்டாள். சொன்னேன். நான்கு வரிதான் சொல்லியிருப்பேன். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள். "நாலு மாசம் வாய மூடிக்கிட்டு இருங்க. ஒங்களுக்கு அது ஒரு கஷ்டமா?"

மறுநாள் டூட்டி முடிந்து அந்தத் தகரக் கொட்டகைக்குப் பைக்கில் போனேன். வாட்ச்மேன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயசு இருக்கும். வாய் நிறைய வெற்றிலை.

"உள்ள பாக்கணும்" என்றேன்.

"மொதலாளி யாரையும் விடக் கூடாதுன்னுட்டாரு. அதுலயும் காக்கி போட்ட ஒரு ஆளு வருவான், அவன விடவே கூடாதுன்னாரு. நீதானா அது?"

"உள்ள சூடா இருக்கா?"

"தகரக் கூரலே. பங்குனி வெயிலு. உள்ள என்ன கொடைக்கானலா?"

"புகை வாசம் வருதா?"

"கருகின பேலு கருகின வாசந்தான் வரும். சந்தன வாசமா வரும்?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பீடி குடிக்கிறவரா என்று கேட்டேன். பஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கிறாரே என்று. "அந்த நாத்தமே எனக்கு ஆகாது. வெத்தலதான்" என்றார். எழுந்திருக்கும்போது சொன்னேன். "புகை வந்தா உள்ள போயிராதீக. வெளிய ஓடிருங்க."

"சரிப்பா."

அவ்வளவுதான் சொன்னேன். பேலுக்குள் கங்கு இருக்கிறது, நாளையோ மறுநாளோ எழுந்திரிக்கும், இங்கே உட்காராதீர்கள் என்று சொல்லவில்லை. சொன்னால் முதலாளியிடம் போகும், முதலாளி புகார் எழுதுவார் என்று நினைத்தேன். நான்கு மாசம்.

மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. இடத்தைச் சொன்னபோதே ஆபீசர் என்னைப் பார்க்கவில்லை. தகரக் கூரை உள்ளே விழுந்து கிடந்தது. மிச்சம் வைக்க ஒன்றுமில்லை.

வாட்ச்மேன் வேப்பமரத்தடியில் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். உள்ளங்கை இரண்டும் வெந்திருந்தது. புகை வந்ததும் அவர் வெளியே ஓடித்தான் வந்திருக்கிறார். வந்த பிறகுதான் நிழலுக்காக உள்ளே விட்ட சைக்கிள் ஞாபகம் வந்திருக்கிறது. திரும்பிப் போய் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறார். அது கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. சைக்கிளும் வரவில்லை.

நர்ஸ் பெண் அவர் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை என்னிடம் கேலி பேசவில்லை. "பேலப் பிரிக்கணும்னு நீங்க அன்னைக்கே சொன்னீகளாமே" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

இனி ரிப்போர்ட். எங்கள் ஸ்டேஷன் ரிப்போர்ட்டில் எல்லாத் தீக்கும் ஒரே காரணம்தான் இருக்கும். மின்கசிவு. வைக்கோல்படப்பு எரிந்தாலும் மின்கசிவு, கரும்புத் தோட்டம் எரிந்தாலும் மின்கசிவு. அது யாரையும் நோகடிக்காத காரணம். மின்சாரம் வந்து மறுத்துப் பேசாது. ஆபீசர் மறுநாள் காலையில் இதற்கும் அதையே எழுதி, சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார்.

படித்தேன். "அய்யா, அங்க கரண்டு இல்லீங்க."

"எங்க?"

"அந்தக் கொட்டகையில. கனெக்‌ஷனே கெடையாது."

ஆபீசர் பேனாவை மூடி வைத்தார். உண்மையாகவே நன்றி சொன்னார். "நல்லவேள சொன்ன. இன்சூரன்ஸ்காரன் பாத்தா மானம் போயிருக்கும்." காகிதத்தைக் கிழித்துப் போட்டார். மத்தியானம் புதுக் காகிதம் வந்தது. காரணம்: வாட்ச்மேன் பீடி குடித்துவிட்டு அணைக்காமல் எறிந்தது.

நான் ஒரு உண்மையைச் சொன்னதில் விளைந்தது இது. பேசாமல் இருந்திருந்தால் மின்கசிவோடு போயிருக்கும்.

முதலாளியும் வந்து உட்கார்ந்திருந்தார். கருகின பேலைத் தெரிந்தே கொண்டுபோய் வைத்தது என்று ஆனால் அவருக்கு இன்சூரன்ஸ் வராது. பீடி என்றால் வரும். அன்றைக்கு அவர் என்னை லே போட்டுப் பேசவில்லை. "தம்பி, ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அன்னைக்கு ஒரு நல்ல பேல வெட்டி வீணாக்குனீக, நான் புகார் கொடுத்தனா? கொடுக்கல. கொடுக்கவும் மாட்டேன்."

"அவரு பீடி குடிக்க மாட்டாருங்க" என்றேன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டேன்."

"கேட்டா எவன் குடிக்கேன்னு சொல்லுவான்?"

ஆபீசர் சொன்னார். "கேஸ் எல்லாம் பெருசா வராதுப்பா. ஒரு கையெழுத்து. அடுத்த மாசம் ஒன் ஃபைல் மேல போவுது."

பேனாவைக் கையில் கொடுத்தார். நான் அந்தக் காகிதத்தில் போடவில்லை. வேறு காகிதம் கேட்டேன். எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. நான் எழுதியது இவ்வளவுதான்: 'முதல் தீயில் தப்பிய பேலில் கம்பி விட்டுப் பார்த்தேன். மூன்றில் ஒன்று சுட்டது. எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னேன். முதலாளி காட்டிய ஒன்றை மட்டும் பிரித்தோம். மற்றவை அந்தக் கொட்டகைக்குப் போயின. வாட்ச்மேன் பீடி குடிப்பவர் இல்லை. மறுநாள் நான் அங்கே போனேன். ஆபத்து தெரியும். தெரிந்தும் அவரிடம் முழுதாகச் சொல்லவில்லை.'

ஆபீசர் இரண்டு தடவை படித்தார். "கடைசி வரி எதுக்குப்பா? அத மட்டும் அடிச்சிரு. ஒன் நல்லதுக்குச் சொல்லுதேன்."

"நடந்ததுங்கய்யா."

மேலே இருந்து விசாரிக்க வந்தார்கள். பேலைக் கொண்டுபோனது பற்றி முதலாளியிடம் கேட்டார்கள், அவர் ஞாபகமில்லை என்றார். பீடி ரிப்போர்ட் நிற்கவில்லை. காரணம் தெரியவில்லை என்று முடித்தார்கள். தெரிந்தவர்கள் எல்லாரும் அந்த அறையில்தான் இருந்தோம். யார் மேலும் நடவடிக்கை இல்லை, என் மேல் மட்டும் ஒரு மெமோ. 'ஆபத்து தெரிந்தும் முழுமையாக எச்சரிக்காதது ஏன்?' என் கடைசி வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். நானே எழுதிக் கையெழுத்துப் போட்டதால் மறுக்க வழியில்லை. புரபேஷன் ஒரு வருஷம் நீண்டது. மாமனார் ஆறு மாசம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வாய் மூடி இருக்கிற வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் வாட்ச்மேனைப் பார்க்கப் போனேன். கைகள் ஆறியிருந்தன. விரல்கள் சரியாக மடங்கவில்லை. மருமகள் வெற்றிலையை மடித்து அவர் வாயில் வைத்தாள். கேஸ் எதுவும் வரவில்லையே என்று கேட்டேன்.

"வரல. வேலையும் வரல" என்றார். "மொதலாளி ஆஸ்பத்திரிக்கே வந்து சொன்னாரு. பீடி நீதான் போட்டேன்னு ஒத்துக்கோ, நான் பாத்துக்கிடுதேன், மில்லு கேட்டுல வேல தாரேன்னாரு. நானும் சரின்னுட்டேன். ஒரு பீடிதானலே. குடிச்சேன்னு சொல்லிட்டுப் போறேன். நீ போயி நான் குடிக்கவே மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்ட."

"நெருப்பு பேலுக்குள்ளதான் இருந்துச்சு" என்றேன்.

"அத மரத்தடியில ஒக்காந்திருந்தப்பவே சொல்லிருந்தா சைக்கிள மரத்துல சாத்திருப்பேன்லா?"

மருமகள் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

நீட்டிய ஒரு வருஷமும் முடிந்து வேலை உறுதியான ஆர்டர் வந்தது. 'பணி திருப்திகரம்' என்று இருந்தது. யாருக்கு என்று போடவில்லை.